சுரண்டிய சுவரும் என் வலது நுரையீரலும்

ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளப் போகிறவர்களுக்காகவும். மற்றவர்கள் படித்துவிட்டு ஐயோ பாவம் என்று சொல்லத் தேவையில்லை. அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

என் பெயர் செல்வி. அடையாள அட்டையில் கின் வின். ரங்கூனில் எங்களில் பாதிப் பேருக்கு இப்படி இரண்டு பெயர் உண்டு. பசுந்தாங்கில் ஓடைப் பக்கம் நாலாவது மாடியில் வீடு. லிஃப்ட் கிடையாது. மூன்று தையல் மெஷின் வைத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டையும் பச்சை லுங்கியும் தைத்துக் கொடுப்பேன். வீட்டுக்காரர் கோ மின் பர்மாக்காரர், பஸ் ஓட்டுகிறார். என்னைக் கட்டியதில் வீட்டிலே தமிழ் பேசப் பழகிவிட்டார். மகள் நந்தாவுக்குப் பதினேழு வயது. தமிழில் கேட்டால் பர்மியத்தில் பதில் சொல்வாள்.

மழைக்காலத்தின் கடைசியில் மாடி ஏறும்போது இரண்டாவது மாடியில் நிற்க ஆரம்பித்தேன். முதலில் வயது என்றேன். பிறகு எடை என்றேன். கோ மின், “திட்டிக்கிட்டே ஏறினா மூச்சு எங்க மிஞ்சும்” என்றார். பல் துலக்கினால் ரத்தம் வந்தது. தொடையில் நீலநீலமாகக் கன்றிய திட்டுகள். எங்கும் இடித்துக்கொண்ட ஞாபகம் இல்லை. தெருமுனை கிளினிக்கில் ஆஸ்துமா என்று சொல்லி வாயில் உறிஞ்சும் மருந்து கொடுத்தார்கள். பன்னிரண்டு நாள் உறிஞ்சினேன். ஒரு சாதாரண ரத்தச் சோதனைக்கு எழுதிக் கொடுக்க அங்கிருந்த டாக்டருக்குக் கை வரவில்லை. கடைசியில் நந்தாதான் என்னை இழுத்துக்கொண்டு போய் ரத்தம் கொடுக்க வைத்தாள். காலையில் கொடுத்தோம். மத்தியானம் சோதனைக்கூடத்திலிருந்து போன் வந்தது. ரிசல்ட் வாங்க வர வேண்டாம், நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அங்கே அனுப்பி வைக்கிறோம் என்றார்கள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை. அங்கே என்னை உயிரோடு வைத்திருந்தவர்களும் இருந்தார்கள், வாயைத் திறக்காதவர்களும் இருந்தார்கள். பல நேரம் இரண்டு பேரும் ஒரே ஆள்.

இடுப்பெலும்பில் ஊசி குத்தி உள்ளே இருக்கும் மஜ்ஜையை எடுத்துப் பார்த்தார்கள். வலிக்காது என்றார்கள். வலித்தது. மூன்றாம் நாள் இளவயது டாக்டர் ஒருவர் வந்து கட்டில் ஓரத்தில் நின்றார். டாக்டரை இங்கே சயா என்போம், பெண்ணாக இருந்தால் சயாமா, நர்ஸையும் அப்படித்தான். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். எலும்புக்குள்தான் ரத்தம் உற்பத்தியாகிறது. இந்த நோயில் வெள்ளை அணுக்கள் பழுக்காமலே பிஞ்சாக வெளியே வந்து கொட்டுகின்றன. அந்தப் பிஞ்சுகள் இடத்தை எல்லாம் அடைத்துக்கொள்வதால் சிவப்பு அணு குறைகிறது, அதனால் மூச்சு வாங்குகிறது. ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு குறைகிறது, அதனால் ஈறில் ரத்தம். காவலுக்கு நிற்க வேண்டிய நல்ல வெள்ளை அணு இல்லை, அதனால் எந்தக் கிருமி வேண்டுமானாலும் உள்ளே நுழையலாம்.

“நுரையீரல்தான் முதல்ல அடி வாங்கும், ஆன்ட்டி” என்றார் பர்மியத்தில். “மூச்சுல சின்ன மாற்றம் வந்தாலும் சொல்லணும்.”

பக்கத்துக் கட்டிலில் கல்லூரியில் படிக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். அவளுக்கு அந்தப் பிஞ்சு அணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகி, ரத்தம் கஞ்சி மாதிரிக் கெட்டியாகி, நுரையீரலின் மெல்லிய குழாய்களில் அடைத்துக்கொண்டது. வந்த அன்று என்னிடம் சீப்பு வாங்கித் தலை வாரினாள். இரண்டாம் நாள் சாய்ந்து படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருந்தாள். மூன்றாம் நாள் கட்டில் காலி. சீப்பு என் அலமாரியில் இருந்தது. அதை யாரிடம் கொடுத்து நான் அழுவது? அழவில்லை. சீப்பைச் சன்னல் வழியாக எறிந்தேன். கீழே யாரோ கத்தினார்கள்.

எனக்கு ஏழு நாள் ஒரு மருந்து, அதில் மூன்று நாள் கூடவே இன்னொரு சிவப்பு மருந்து. ஐந்தாம் நாள் இரண்டு பை ரத்தமும் அதன் மேல் உப்புநீரும் ஏற்றியதில் நெஞ்சுக்குள் தண்ணீர் கோத்துக்கொண்டது. படுத்தால் தண்ணீருக்குள் முகத்தை அமுக்குகிற மாதிரி இருந்தது. கோ மின் பஸ்ஸை விட்டுவிட்டு வந்து என் முதுகுக்குப் பின்னால் கட்டிலில் ஏறி உட்கார்ந்து தலையணையாக இருந்தார். நர்ஸ் சயாமா சிறுநீர் பிரிகிற ஊசி போட்டார். இரண்டு மணி நேரத்தில் நாலு தடவை பாத்திரம் வைத்தார்கள், மூச்சு இறங்கியது. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மூச்சுத் திணறல் என்றால் எல்லாமே ஒன்றில்லை. அடைப்பு, தண்ணீர், ரத்தக் கசிவு, கிருமி, ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. ஆகவே மூச்சு வாங்கினால் விசிறிக்கொண்டு உட்காராதீர்கள். ஆளைக் கூப்பிடுங்கள். வராவிட்டால் கத்துங்கள்.

தட்டணு கொடுக்க ஆள் கொண்டுவரச் சொன்னார்கள். ரத்தத்தை ஒரு கையில் எடுத்து மெஷினில் பிரித்து, மீதியைத் திரும்ப ஏற்றுவார்கள். ஒன்றரை மணி நேரம் அசையாமல் கிடக்க வேண்டும். பிறந்த நாளுக்குப் புண்ணியம் என்று ரத்தம் கொடுக்கிற பர்மாக்காரர்கள் இந்த ஊரில் நிறைய இருக்கிறார்கள். கோ மின்னின் பஸ் லைனில் மூன்று பேர் வந்தார்கள். நாலாவதாக வந்தவன் என் அண்ணன் ராசு.

ராசு துறைமுகத்தில் கிரேனுக்குக் கிரீஸ் போடுகிறவன். ஐம்பது வயது, தனி ஆள். ஆறு வருடமாக என்னோடு பேச்சு இல்லை. தப்பு அவன் மேல் இல்லை. நாற்பத்துநாலு வயதில் அவனுக்கு ஒரு சம்பந்தம் அமைந்தது. பெண் வீட்டார் என் வீட்டில் டீ குடித்துக்கொண்டு, மாப்பிள்ளை எப்படி என்று கேட்டார்கள். குடிப்பான் என்றேன். எவ்வளவு என்றார்கள். அதையும் சொன்னேன். அவன் அங்கேயே, பலகாரத் தட்டோடு நின்றுகொண்டிருந்தான். கல்யாணம் நின்றது. பொய் சொல்லவில்லை என்று ஆறு வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வார்டு வாசலில் நின்று, உள்ளே வராமல் சொன்னான். “நாலு நாளாக் குடிக்கல. குடிச்சிருந்தா எடுக்க மாட்டானாம்.”

“நாலு நாள் உயிரோட இருந்தியா?”

“நீயும்தான் இருக்கே. நாக்கு மட்டும் நல்லாத்தான் வேலை செய்யுது.”

இவ்வளவுதான் எங்கள் சமாதானம். அதன் பிறகு அவன் ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. வாரம் ஒரு முறை தட்டணு கொடுத்தான். மற்ற நாட்களில் கிரீஸ் கறை போகாத கையோடு வந்து, எனக்கு ஆரஞ்சு உரிக்கப் பார்த்து, நான் திட்டுவதால் கையைக் கழுவிவிட்டு வந்து உரித்தான்.

பன்னிரண்டாம் நாள் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். வெள்ளை அணு இன்னும் ஏறவில்லை, கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. ஆனால் காய்ச்சலும் இல்லை. கட்டிலுக்கு ஆள் காத்திருந்தது. போன சில வருடங்களில் டாக்டர்களும் நர்ஸுகளும் பாதிப் பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள், இருக்கிறவர்கள் இரண்டு ஆள் வேலை பார்க்கிறார்கள். அதெல்லாம் எனக்கும் தெரியும். அந்த நர்ஸ் சயாமா காகிதத்தைக் கையில் கொடுத்து, நின்றபடியே சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “காய்ச்சல் வந்தா உடனே வாங்க. பச்சைக் காய்கறி வேண்டாம். வீடு சுத்தமா இருக்கணும்.”

வீடு சுத்தமா இருக்கணும். மூன்று வார்த்தை. எப்படி என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சுத்தம் எப்படி என்று யாராவது கேட்பார்களா?

ரங்கூனில் மழைக்காலத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மே மாதம் பிடித்தால் அக்டோபர் வரை சுவர் காயாது. நாங்கள் இருக்கிற மாதிரிப் பழைய கட்டடங்களில் சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சணம் பூத்துவிடும். மழை நின்றதும், கார்த்திகைக்கு முன்னால், அதைத் தகட்டால் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடிப்போம். வீட்டுக்கு வீடு அதுதான் வழக்கம். தெருவில் நடந்தால் எல்லா மாடியிலிருந்தும் சர்க் சர்க் என்று சத்தம் வரும்.

சயாமா சொன்னதைக் கோ மின் ராசுவிடம் சொல்லியிருக்கிறார். ராசு துறைமுகத்தில் லீவு போட்டுவிட்டு, இரும்புத் தகட்டோடு என் வீட்டுக்கு வந்திருக்கிறான். ஒரு நாளில் முடிந்துவிடும் என்று நினைத்தான். முடியவில்லை. நான் நாலு மாடியும் நாற்காலியில் தூக்கப்பட்டு வந்து சேர்ந்தபோது பாதிச் சுவர் பாக்கி இருந்தது.

தலையில் துண்டு கட்டிக்கொண்டு ஸ்டூல் மேல் நின்றான். முகமெல்லாம் தூள். “நீ உள்ள போய்ப் படு. சாயங்காலத்துக்குள்ள முடிச்சிர்றேன்” என்றான்.

நான் படுக்கவில்லை. ஆறு வருடத்துக்குப் பிறகு அண்ணன் என் வீட்டில் வேலை செய்கிறான். அதைப் பார்க்காமல் எப்படிப் படுப்பது? நாற்காலியைச் சுவருக்கு எதிரே போடச் சொல்லி உட்கார்ந்தேன். முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு அதிகாரம் செய்தேன்.

“மூலையைச் சுரண்டு. அங்கதான் ரொம்பக் கறுப்பு.”

“தெரியுது.”

“தெரிஞ்சா ஏன் தடவிக்குடுக்கிறே? அழுத்திச் சுரண்டு அண்ணே.”

“கிரேனுக்கு மேல நின்னாக்கூட இப்படி ஒருத்தன் கத்துனதில்ல” என்றான். சிரித்தான். நானும் சிரித்தேன். வெயில் சன்னல் வழியாக விழுந்ததில் தூள் பறப்பது தெரிந்தது. அழகாக இருந்தது என்று அப்போது நினைத்தேன். இரண்டு நாள் அப்படி உட்கார்ந்தேன். கடைசியில் சாம்பிராணியும் போடச் சொன்னேன்.

ஆறாம் நாள் காய்ச்சல். அப்படியே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கிருமி மருந்து ஏற்றினார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. மருந்தை மாற்றினார்கள். இறங்கவில்லை. வறட்டு இருமல் வந்தது. பிறகு வலது விலாவில், மூச்சை இழுத்தால் கத்தி குத்துகிற மாதிரி வலி. கத்தி குத்தக்கூடாது என்று அரை மூச்சு விட்டேன். அரை மூச்சு போதவில்லை, வேகமாக விட்டேன். விரலில் மாட்டுகிற கிளிப்பில் தொண்ணூற்றைந்து காட்ட வேண்டியது எண்பத்தாறு காட்டியது. மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைத்தார்கள். ஒரு காலையில் இருமியபோது டிஷ்யூவில் சிவப்பாக வந்தது. நந்தா அதை என் கையிலிருந்து பிடுங்கி மடித்துக் குப்பையில் போட்டாள். நான் பார்க்காதது போல் செய்தாள். நான் பார்த்தேன்.

சிடி ஸ்கேன் எடுத்தார்கள். வலது நுரையீரலில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு உருண்டை, அதைச் சுற்றிப் பனிமூட்டம் மாதிரி ஒரு வளையம். பூஞ்சணம் என்றார் சயா. காற்றில் எங்கும் இருப்பதுதான், உங்களுக்கும் எனக்கும் தினம் உள்ளே போகிறது, காவலுக்கு வெள்ளை அணு இருந்தால் தின்றுவிடும், இல்லாதபோது அது நுரையீரலில் முளைத்து ரத்தக் குழாயைத் துளைக்கும் என்று விளக்கினார். குழாய் விட்டுச் சளி எடுத்துப் பார்க்கலாம், ஆனால் தட்டணு இல்லாததால் ரத்தம் நிற்காது, ஆகவே படத்தை நம்பி மருந்தை ஆரம்பிக்கிறோம் என்றார்.

பிறகுதான் கேட்டார். “வீட்டுல ஏதாவது கட்டட வேலை நடந்ததா? இடிக்கிறது, சுரண்டுறது, பழைய தூசி?”

ராசு அப்போது கீழே தட்டணு கொடுக்கிற அறையில் கையை நீட்டிப் படுத்திருந்தான். கோ மின் என்னைப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த சயா பேனாவை நிறுத்தினார்.

“அதுவா இருக்கலாம். வேற எங்கிருந்தும் வந்திருக்கலாம். உறுதியா யாராலும் சொல்ல முடியாது” என்றார். அவருக்குத் தெரியும் என்று அவர் முகத்தில் தெரிந்தது.

அவர் போனதும் கோ மின் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார். “ராசுகிட்ட இது போகக்கூடாது. போச்சுன்னா அன்னிக்கே பாட்டிலை எடுத்திருவான்.”

“என் நுரையீரல்ல ஓட்டை. அவன் மனசுக்கு நான் காவலா?”

“ஆமா” என்றார். “அவனை விட்டா உனக்கு வாராவாரம் தட்டணு குடுக்க ஆளும் இல்ல.”

இவரை நான் எதற்குக் கட்டினேன் என்று சில நேரம் நினைப்பேன். அன்றைக்குத் தெரிந்தது. உண்மையைச் சுற்றி வளைக்காமல் சொல்லக்கூடிய இன்னொரு ஆள். வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையிலேயே மிகக் கஷ்டமான வைத்தியம் அதுதான்.

பூஞ்சண மருந்துக்கு வார்டில் நடுக்க மருந்து என்று பெயர். ஏற்ற ஆரம்பித்த அரை மணியில் பல் கிட்டிக் கட்டில் ஆடும். நாலு போர்வை போதாது. பிறகு நெருப்பாகக் காய்ச்சல். தினம் இதேதான், பதினாறு நாள். சிறுநீரகம் கெடாமல் இருக்க முன்னாலும் பின்னாலும் உப்புநீர். அந்த மருந்தை ஆஸ்பத்திரியில் தரவில்லை, வெளியே வாங்க வேண்டும். டாலர் ஏற ஏற மருந்தும் ஏறியது. மூன்று தையல் மெஷினில் இரண்டை விற்றோம். அந்தக் கதை போதும்.

நடுங்கும்போது ராசுதான் என் காலை அமுக்கிப் பிடிப்பான். “கிரேன்கூட இப்படி ஆடாது” என்பான். அவன் கையைப் பார்ப்பேன். தகட்டைப் பிடித்த கை. எட்டி உதைக்கலாம் போல இருக்கும். அதே நேரம் அவன் விட்டுவிட்டால் கட்டிலிலிருந்து விழுந்துவிடுவேன். ஒருநாள், “எதுக்கு என்னை அப்படி முறைக்கிறே?” என்று கேட்டான். மருந்து அப்படி என்றேன். பொய் சொல்வது இவ்வளவு சுலபம் என்று தெரிந்திருந்தால் ஆறு வருடத்துக்கு முன்னாலேயே சொல்லியிருப்பேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் நான் அவன் மேல் மட்டும் பழி போட்டதாக ஆகிவிடும். மூலையைச் சுரண்டு என்றது யார்? அழுத்தச் சொன்னது யார்? முகக்கவசத்தை இறக்கியது யார்? இரவில் ஆக்சிஜன் குழாயின் குமிழிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கும்போது இதுதான் ஓடும். அவன் மேல் கோபம், என் மேல் கோபம், அந்த மூன்று வார்த்தை மேல் எல்லாவற்றையும்விடக் கோபம்.

வெள்ளை அணு மெதுவாக ஏறியது. காவல் வந்ததும் மருந்தும் வேலை செய்தது. காய்ச்சல் விட்டது. எலும்பு மஜ்ஜையை மறுபடி குத்திப் பார்த்தார்கள். பிஞ்சு அணு கண்ணில் படவில்லை, முதல் சுற்று வென்றது என்றார்கள். ஆனால் இரண்டாம் சுற்றைச் சரியான நேரத்தில் ஏற்றாவிட்டால் நோய் திரும்பும். நுரையீரலில் ஓட்டை இருக்கும்போது ஏற்றினால் பூஞ்சணம் திரும்பும். இரண்டுக்கும் நடுவில் என்னை நிறுத்தி, மாத்திரையைக் கொடுத்து, வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த மாத்திரை போட்டால் கொஞ்ச நேரம் வெளிச்சம் கண்ணைக் குத்தும், நிறமெல்லாம் மாறித் தெரியும். கோ மின்னின் முகம் ஒருநாள் பச்சையாகத் தெரிந்தது. சொன்னேன். “சம்பளம் வாங்கினாச் சிவப்பாயிரும்” என்றார்.

வீட்டில் வாடகைக்கு ஆக்சிஜன் மெஷின் வைத்தோம். அது மின்சாரத்தில் ஓடுவது. எங்கள் பகுதிக்கு மின்சாரம் நாலு மணி நேரம் வரும், எட்டு மணி நேரம் போகும், சொன்ன நேரத்துக்கு வராது. போனால் சிலிண்டருக்கு மாற்ற வேண்டும். நந்தா ஃபேன் நிற்கிற சத்தம் கேட்ட உடனே, சாப்பாட்டுக் கையோடு எழுந்து ஓடிப் போய்த் திருகுவாள். பத்தாம் வகுப்பில் கணக்கு வராத பெண், இந்தச் சிலிண்டர் எத்தனை நிமிஷம் வரும் என்று முள்ளைப் பார்த்துச் சொல்வாள். சுவரை அதன் பிறகு யாரும் தொடவில்லை. ஈரத் துணியால் தரையை மட்டும் துடைத்தார்கள். துடைக்கும்போது நான் வேறு அறையில் இருந்தேன். பூ, மாலை, சாமி படத்துக்கு வைத்த செம்புத் தண்ணீர் எல்லாம் வெளியே போயின. இதெல்லாம் நான் கேட்டுக் கேட்டு, ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தெரிந்துகொண்டது.

பிப்ரவரியில் மறுபடி சிடி எடுத்தேன். கோ மின்னுக்கு அன்று பஸ் டூட்டி. ராசுதான் கூட வந்தான், படம் இருக்கிற பெரிய உறையைக் கையில் பிடித்துக்கொண்டு. இரண்டாம் சுற்று ஏற்றலாமா கூடாதா என்று அன்றைக்குச் சொல்வார்கள். வார்டுக்கு வெளியே நீளப் பெஞ்சில் காத்திருந்தோம். ஆக்சிஜன் இல்லாமல் உட்காருகிற அளவுக்கு வந்திருந்தேன், நடந்தால் மட்டும் மூச்சு வாங்கும்.

எதிரே ஒரு பெண்ணைச் சக்கர நாற்காலியில் வைத்திருந்தார்கள். முப்பது வயது இருக்கும். முடி எல்லாம் கொட்டித் தலையில் துணி. புருஷன் பையை எல்லாம் தோளில் மாட்டிக்கொண்டு நின்றான். எங்கள் ஆட்கள்தான். நர்ஸ் சயாமா காகிதத்தைக் கொடுத்தார். அதே சயாமா இல்லை, வேறு ஆள். அதே வார்த்தை. காய்ச்சல் வந்தா வாங்க. பச்சைக் காய்கறி வேண்டாம். வீடு சுத்தமா இருக்கணும்.

“அதெல்லாம் ஜோரா ரெடி பண்ணிட்டோம் சயாமா” என்றான் அவன் பர்மியத்தில். பிறகு மனைவி பக்கம் குனிந்து தமிழில் சொன்னான். “மச்சான் ரெண்டு பேரும் காலைலேருந்து சுவரைச் சுரண்டிக்கிட்டு இருக்காங்க மீனா. பாத்ரூம் பக்கம் முழுக்க எடுத்தாச்சாம். நீ போறதுக்குள்ள வெள்ளையும் அடிச்சிருவாங்க.”

அந்தப் பெண் சிரித்தாள். சந்தோஷமாகத்தான் சிரித்தாள்.

ராசு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். தோளோடு தோள். சயாமா அடுத்த காகிதத்துக்குப் போய்விட்டார். லிஃப்ட் வருகிற சத்தம் கேட்டது. பெண் வீட்டார் முன்னால் பலகாரத் தட்டோடு நின்ற ராசு எனக்கு ஞாபகம் வந்தான். சொன்னால் மறுபடி அதே இடத்தில் அவனை நிறுத்துவேன். சொல்லாவிட்டால் இவள் அந்த லிஃப்டில் போய்விடுவாள்.

“தம்பி, அங்க போகாதே” என்றேன்.

அவன் திரும்பினான். “என்னக்கா?”

“சுரண்டுன வீட்டுக்கு அவளைக் கூட்டிட்டுப் போகாதே. அந்தத் தூள் நெஞ்சுக்குள்ள போய் முளைக்கும். எனக்கு முளைச்சது.”

“சயாமா சுத்தமாத்தானே இருக்கச் சொன்னாங்க.”

“எங்கிட்டயும் அதேதான் சொன்னாங்க.” எனக்கு மூச்சு வாங்கியது. நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். “மழைக்கப்புறம் எங்க வீட்டுச் சுவரைச் சுரண்டினாங்க. நான் எதிர்ல உட்கார்ந்திருந்தேன். ஆறு நாள்ல காய்ச்சல். அப்புறம் ரத்தமா இருமினேன்.”

அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிற பொம்பளை, டாக்டருமில்லை, நர்ஸுமில்லை. “எங்க பக்கம், தின்கன்ஜூன்ல, எல்லாரும்தான் சுரண்டுறாங்கக்கா. யாருக்கு என்ன ஆச்சு?” என்றான். லிஃப்ட் கதவு திறந்தது. நாற்காலியைத் தள்ள ஆரம்பித்தான்.

நான் ராசுவைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. என் தோள் மேலிருந்த சூடு எழுந்து போனது மட்டும் தெரிந்தது. அவன் போய் லிஃப்ட் வாசலில், நாற்காலிக்கு முன்னால் நின்றான். உறையைப் பிரித்து, படத்தை வெளியே உருவி, சன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தான்.

“இங்க பாரு தம்பி. இந்த வெள்ளை உருண்டை. நடுவுல கறுப்பு ஓட்டை. என் தங்கச்சி நெஞ்சு இது.” குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “சுரண்டுனது நான். ரெண்டு நாள், தகட்டை வச்சு, நல்லா அழுத்தி. நீ இப்ப மச்சானுக்குப் போன் போடு.”

லிஃப்ட் மூடிக்கொண்டு ஆளில்லாமல் கீழே போயிற்று. அந்தப் பெண்ணின் புருஷன் போன் போட்டான். முதலில் மச்சான்களுக்கு. பிறகு பெரியம்மா வீட்டுக்கு, ஒரு வாரம் அங்கே தங்க முடியுமா என்று. அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றியோடு இல்லை. பயந்து போய். அவள் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போக இருந்தாள், நான் கெடுத்தேன். பரவாயில்லை.

என் முறை வந்தது. சயா படத்தைப் பார்த்தார். ஓட்டை சுருங்கியிருக்கிறது, முழுசாக மூடாது, மாத்திரையை விடாமல் போட்டுக்கொண்டே அடுத்த வாரம் இரண்டாம் சுற்றை ஏற்றுவோம் என்றார். ஆபத்து இருக்கிறதா என்றேன். இருக்கிறது என்றார். அந்தப் பெண் விஷயத்தைச் சொன்னேன். தூசியும் சுரண்டலும் கூடாது என்று அந்தக் காகிதத்தில் எழுதித் தொலைத்தால் என்ன என்று கேட்டேன்.

“கேட்டா நாங்க சொல்வோமே, ஆன்ட்டி” என்றார்.

“கேக்கத் தெரிஞ்சா நாங்க ஏன் சயா இங்க வர்றோம்?” என்றேன். எழுதுவார்களா தெரியாது. அதனால்தான் நான் எழுதுகிறேன்.

வெளியே வந்தோம். ராசு படத்தை உறைக்குள் போட முயன்றுகொண்டிருந்தான். அது மூலையில் மடங்கிக்கொண்டு உள்ளே போகவில்லை.

“எப்பத்துலேருந்து தெரியும்?” என்று கேட்டான்.

“மொத ஸ்கேன்லேருந்து.”

“காலைப் பிடிச்சிக்கிட்டு இருந்தப்பல்லாம் தெரியுமா?”

“தெரியும்.”

“அன்னிக்குப் பொண்ணு வீட்டுக்காரங்ககிட்ட அவ்வளவு சுளுவாச் சொன்னியே. எங்கிட்ட இதை ஏன் சொல்லல?”

“சொன்னா நீ அழுவே. அதைப் பார்த்துக்கிட்டு நிக்க எனக்கு மூச்சு இல்ல.”

அவன் உறையைப் பெஞ்சின் மேல் வைத்தான்.

“இப்ப இருக்கா?”

“கொஞ்சம் இருக்கு” என்றேன்.

அழுதான். நான் சுவரில் சாய்ந்துகொண்டு பக்கத்தில் நின்றேன்.